வெளுத்த பைகள்

“தையலா போட்ட நீ, தையலு? கண்ண மூடிக்கினு ரெண்டு இஸ்ப்பு இஸ்து குட்த்துட்ட, அங்க எங்க ஊட்டுக்காரரு வேல பூட்ச்சு. சொல்லும்மே, வாயில இன்னா கொயக்கட்டயா கீது?” என்று ஜெரினா கத்துகிறாள், கத்தட்டும், ஆனால் குடத்தை நகர்த்திவிட்டுக் கத்தலாம் இல்லையா, குழாய்க்கு நேர் கீழே அவள் குடம் நிரம்பி வழியத் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகிறது, பின்னால் ஏழு குடம் வரிசையில் நிற்கிறது, என்னுடையது நான்காவது, எனக்கு முன்னால் உள்ள மூன்று பேரும் குடத்தை மறந்து வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தத் திருவொற்றியூர்த் தெருவில் சண்டை ஒன்று கிடைத்துவிட்டால் காலைப் பலகாரம்கூட வேண்டாம்... நான் மட்டும் என்ன, நானும்தான் நிற்கிறேன், தண்ணீருக்காக நிற்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எதிரே இசக்கியம்மாள், இடுப்பில் பித்தளைக் குடம், நெற்றியில் வெறும் திருநீறு, புருஷன் போய் மூன்று வருஷமாகத் தையல் மெஷினை மிதித்துப் பிழைக்கிறவள், “இங்கேரு ஜெரினா, தையல்ல ஒரு கொறயும் கெடயாது, யாரு வேணும்னாலும் பாத்துக்கிடட்டும்” என்று நாலாவது தடவையாக அதையே சொல்கிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாள். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று அந்த மூன்று பேருக்கும் மண்டை குடைந்துகொண்டிருக்கும். எனக்குக் குடையவில்லை. எந்த வீட்டு அடுப்பில் என்ன கருகுகிறது என்று மூக்காலேயே சொல்கிற எனக்கு இதுவா தெரியாது, மில்லுக்குப் போன அந்தப் பதினாறு பைகளில் ஒரு தையல்கூட இசக்கி போட்டதில்லை. எல்லாம் நான் போட்டவை.

நான்தான், தேவப்பிரியம், என் கை மெஷினில். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு குடம் நிறைகிற நேரம்கூட ஆகாது, ஆனால் முதலில் எங்கிருந்து தொடங்குவது... தெருவுக்குப் பின்னால் பவுடர் மில், கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கும் மாக்கல்லை அரைத்து மாவாக்கி மூட்டை கட்டுகிறார்கள், அது எங்கோ போய் ரோஜா வாசனை சேர்த்து டப்பாவில் அடைபட்டுச் சீமாட்டிகளின் கன்னத்துக்குப் போகிறது, எங்கள் கன்னத்துக்கு வாசனை சேர்க்காமல் சும்மாவே வந்துகொண்டிருந்தது, பிறகு யாரோ மேலே எழுதிப்போட்டு இரண்டு வருஷத்துக்கு முன் பை ரூம் கட்டினார்கள். நான் உள்ளே போனதில்லை, கமாலுதீன் சொல்லிக் கேட்டதுதான், ஓர் அறை, கூரையிலிருந்து பதினாறு டிரில் துணிப் பைகள் ஒன்றரை ஆள் நீளத்துக்குத் தொங்குமாம், அடிவாயை இரும்பு வளையத்தில் இறுக்கிக் கட்டியிருக்குமாம், காற்றாடி தூசிக் காற்றைக் கீழிருந்து பைக்குள் ஊதினால் காற்று துணியின் கண் வழியே வெளியே போய்விடும், மாவு உள்ளேயே தங்கிவிடும், மணிக்கு ஒரு தடவை ஒருத்தன் போய்ப் பைகளைப் பிரம்பால் தட்டினால் மாவு கொட்டும். அந்த ஒருத்தன்தான் கமாலுதீன், ஜெரினாவின் புருஷன். சாயங்காலம் புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளையாக வருவார், “வெள்ளக்காரன் கப்பலேறி ஆறு வருசம் ஆச்சி, எங்க ஊட்டுக்கு மட்டும் தெனிக்கும் ஒர்த்தன் வந்துக்கினு கீறான்” என்று ஜெரினாவே சொல்லிச் சிரிப்பாள், அவரும் சிரிப்பார், அவர் சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும், காலையிலும் அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பற்ற வைப்பேன், மணி ஆறு என்று அர்த்தம்.

பைகள் இரண்டு செட். ஒன்று தொங்கும்போது மற்றதைப் பிரித்து, கிழிசல் தைத்து வைக்க வேண்டும், அந்த வேலை இசக்கிக்கு. ஏன் இசக்கிக்கு? மில் மேஸ்திரி சண்முகவேலுக்கும் அவளுக்கும் தெற்கே பக்கத்துப் பக்கத்து ஊராம், அவர் பேச்சு பட்டணத்துப் பேச்சாகிவிட்டால் என்ன, அது போதாதா, நானும் அந்தச் சீமையிலிருந்து வந்தவள்தான், மிஷன் பள்ளியில் தையலுக்குப் பரிசு வாங்கினவள், என்னை யார் கேட்டார்கள்... பை வெளியாள் கைக்குப் போகக் கூடாது என்பது மில்லில் கண்டிப்பு, முன்பு ஒருத்தி இரண்டு பையை வெட்டிப் பிள்ளைகளுக்கு நிக்கர் தைத்துவிட்டாளாம், நல்ல கெட்டித் துணி, நிக்கர் இன்னமும் கிழியாமல் இருக்கும். அந்தக் கண்டிப்பை மீறித்தான் இசக்கி பங்குனியில் அண்ணன் ஊர்க் கோயில் கொடைக்குப் போகும்போது பொட்டலத்தை என்னிடம் கொண்டுவந்து வைத்தாள், “பத்தே நாளு யக்கா, நான் வாரதுக்குள்ள மேஸ்திரி கேட்டா வேல போயிரும், உங்களத் தவிர இங்க எனக்கு ஆரு இருக்கா” என்றாள், அப்புறம் வாசல்வரை போய்த் திரும்பி... இல்லை, வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்ன மாதிரி நினைவில்லை.

“இன்னிக்கி எட்டு மணி சங்கு ஊதிச்சின்னா மேனேஜரு புது ஆளு பேர ரிஜிஸ்டர்ல ஏத்திடுவாரு, தெரியுமா உனக்கு?” என்கிறாள் ஜெரினா. தெரியும், தெருவுக்கே தெரியும், எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும், கமாலுதீனை மறுபடி சேர்க்கச் சொல்லி அந்த மேனேஜருக்குப் போன விண்ணப்பத்தை எழுதினது எங்கள் வீட்டுக்காரர் வேதமாணிக்கம், துறைமுகத்தில் குமாஸ்தா, தெருவில் இங்கிலீஷில் அழ வேண்டியவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். ஜெரினா பக்கத்தில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கமாலுதீன் தலை குனிந்திருந்தார், இவர் எழுதி எழுதித் தமிழில் அர்த்தம் சொன்னார், பைகளை வளையத்தில் நான் வழக்கம் போலவே கட்டினேன், என் பக்கம் ஒரு தவறும் இல்லை, தாங்கள் தயைகூர்ந்து... நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். சர்க்கரை தூக்கலாகவே போட்டிருந்தேன். பைகளை மாட்டினது ஒரு திங்கட்கிழமை, அன்று மதியமே பை ரூம் ஜன்னலில் வெள்ளைப் புகை, செவ்வாயும் புதனும் அதே கதை, தெருவில் காயப்போட்ட கருவாடு எல்லாம் பூச்சி மருந்து தூவின மாதிரி ஆகிவிட்டது, பக்கத்து மிளகாய்க் கிடங்கு முதலாளி நேரே போய்ச் சத்தம் போட்டார், புதன் சாயங்காலம் கமாலுதீனை மில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், கட்டு சரியில்லை, மாவு ஒழுகுகிறது என்று. வியாழக்கிழமை புது ஆள். வியாழன் மத்தியானம் புகை நின்றுவிட்டது. பார்த்தாயா, ஆளை மாற்றினதும் நின்றுவிட்டதே என்று மேனேஜர் சொன்னாராம், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், ஒன்பது வருஷம் மூட்டை தூக்கி மாவு தட்டி உழைத்தவனுக்கு ஒரு வியாழக்கிழமை சாட்சியாகிவிட்டது. இனி இசக்கி கேட்டுக்கு வந்து, தையல் விட்டுப்போச்சு, அவர் கட்டின கட்டு சரிதான் என்று சொன்னால்தான் உண்டு, அதற்காகத்தான் இவ்வளவு கத்தல். வேலை போய் எட்டு நாளாகிறது. இந்த எட்டு நாளும் நான் காலையில் அடுப்பைத் தாமதமாகத்தான் பற்ற வைக்கிறேன், இருமல் சத்தம் வரவில்லை, வீட்டில் உட்கார்ந்ததும் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது போல, மனுஷன் நன்றாகத் தூங்குகிறார் போல... இதை ஜெரினாவிடம் சொன்னால் குடத்தாலேயே அடிப்பாள்.

இசக்கி என்னைப் பார்க்கிறாளா? பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறாளே அதுதான் பெரிய தொந்தரவு, ஒரு தடவை கண்ணை உருட்டினால் நானும் பதிலுக்கு முறைத்து மனசை ஆற்றிக்கொள்ளலாம். என்னைக் காட்டிக் கொடுத்தால் அவள் பையை வெளியே கொடுத்த குற்றம் வெளிப்படும், அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், சுயநலம், வேறென்ன. தையல் நான் போட்டது சுத்தமான தையல், இரட்டைத் தையல், மடித்து அடித்தது, என் மகள் ஞானசெல்வியின் பாவாடைக்குக்கூட அவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை. அப்படியானால் தூசி ஏன் வந்தது? எனக்கென்ன தெரியும். நான் செய்ததெல்லாம்... பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு வாடை, கல்லும் வேர்வையும் கலந்த வாடை, துணியின் உட்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது, இதையா இவள் இத்தனை மாதமாக அப்படியே தைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அழுக்கோடு, நாற்றத்தோடு, சே. நான் அப்படிப்பட்டவளா? சோடா போட்டுக் கொதிக்க வைத்து, கல்லில் அடித்து, ஏழு தண்ணீரில் அலசி, நீலம் போட்டு, வெயிலில் காய வைத்து எடுத்தபோது பைகள் பாதிரியார் அங்கி மாதிரி ஜொலித்தன. யாருக்காக அவ்வளவு? மேஸ்திரி பிரித்துப் பார்ப்பார், இது இசக்கி கை இல்லையே, யார் கை என்று கேட்பார், கேட்டு... சரி, இருக்கட்டும், மனசுக்குள் தானே சொல்கிறேன், வேலை என் வாசலுக்கு வரும் என்று நினைத்தேன். நினைத்தது தப்பா? அவள் திரும்பி வந்து பைகளைப் பார்த்ததும் முகம் எப்படிப் போயிற்று, உதட்டைக் கடித்தாள், பைகளைக் கட்டிக்கொண்டு போனாள், பொறாமை என்று நினைத்தேன். வாசல்வரை போய்த் திரும்பி அவள் சொன்னது இப்போது காதில் விழுகிறது, “தண்ணி மட்டும் காட்டிராதிய யக்கா.” சொன்னாள். நன்றாகக் கேட்டது. தண்ணீரையே கண்ணில் காட்டாத வீட்டுக்காரி எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

சைக்கிள் மணி. மேஸ்திரி சண்முகவேல், காக்கி நிக்கர், காதில் பீடி, மில்லுக்குப் போகிறவர் கூட்டத்தைப் பார்த்து ஒரு காலை ஊன்றி நிற்கிறார். “இன்னாம்மா, ரோட்ட அடச்சிக்கினு?” ஜெரினா அவர் பக்கம் பாய்கிறாள், “நீங்களே கேளுங்க மேஸ்திரி, இவ தையலு ஒயுங்கா போட்டாளா இல்லியா, அல்லா மேல சத்தியமா சொல்லச் சொல்லுங்க.” அவர் இறங்கவில்லை, சைக்கிளில் சாய்ந்தபடியே, “தையலு பஷ்டா கீது. நேத்து ஒரு பைய அவுத்து வெளக்குல புடிச்சிப் பாத்துட்டேன். தையலும் இல்ல, உன் ஊட்டுக்காரன் கட்டுன கட்டும் இல்ல. எவளோ பைய வெளுத்துக்கீறா. மடிப்புல நீலம் நிக்குது” என்றார். யாருக்கும் புரியவில்லை, எனக்கு முன்னால் நின்ற ரஹீமுன்னிசா மட்டும் “வெளுத்தா நல்லதுதானேண்ணே, கலீஜா இருக்கக் கூடாதுல்ல” என்றாள், நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டாள். “அதான் தெரியாத சனம்ங்கறது. தூசியத் துணியா புடிக்குதுன்னு நெனைக்கிற? துணிக் கண்ணு அம்மாம் பெருசு, மாவு இம்மாத்தூண்டு, சல்லுனு பூந்து வந்துடும். துணி மேல ஒட்டிக்கினு கீற பழைய தூசிதான் புதுத் தூசியப் புடிக்குது. அந்தப் பொருக்க எட்த்துட்டா பை வெறும் சல்லட. மூணு நாளு ஒயுகி, மறுபடியும் பொருக்கு கட்டுனதும் தன்னால நின்னுடும். நின்னுது பாரு, வியாழக்கெழம.” அதற்குப் பிறகு பீடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு இசக்கியைப் பார்த்தார், “அதுக்குத்தான் ஆயிரம் தபா சொன்னேன், தண்ணி படக் கூடாதுன்னு. நீ நனச்சியா?”

இப்போது சொல்லலாம். குழாய்ச் சத்தம் ஒன்றுதான் கேட்கிறது, ஜெரினா கத்தவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது, மேஸ்திரி, பை என்னிடம் வந்தது, நான் வெளுத்தேன், தெரியாமல் செய்தேன்... தெரியாமலா? நாளைக்கு இதே குழாயடியில் நான் இல்லாதபோது என் பெயர் எப்படியெல்லாம் அடிபடும் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும், ஏனென்றால் மற்றவர்கள் பெயரை நான் அடித்த அடி அப்படி, சுத்தக்காரி என்பார்கள், விண்ணப்பம் எழுதினவன் பெண்டாட்டி என்பார்கள், ஞானசெல்வியைப் பெண் பார்த்துவிட்டுப் போன பெரம்பூர் வீட்டுக்கு இது போய்ச் சேர எத்தனை நாளாகும், இரண்டு நாள், நானாக இருந்தால் ஒரே நாளில் சேர்த்திருப்பேன். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொல்லிவிடுவோம் என்று... “ஆமா, நாந்தான் நனச்சேன்” என்றாள் இசக்கி. “அழுக்கா இருந்துச்சு. நனச்சேன்.” அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. மேஸ்திரி த்சொ என்றார், ஊர்ப்பாசம் முகத்தில் ஒரு கணம் வந்துவிட்டுப் போயிற்று, “இனி உனக்குப் பை இல்லம்மா, என் கையில இல்ல அது” என்று சொல்லிவிட்டு, “ஜெரினா, கமாலுதீன சங்குக்கு முன்னாடி கேட்டாண்ட வரச்சொல்லு, மேனேஜராண்ட நான் பேசறேன்” என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். ஜெயித்தவள் என்ன செய்ய வேண்டும், கையைத் தட்டலாம், இசக்கியை இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம், குறைந்தபட்சம் சிரிக்கலாம், ஜெரினா ஒன்றும் செய்யாமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் சிந்தச் சிந்த, இசக்கியைப் பாராமல் என்னைத் தாண்டிப் போனாள். என்ன பெண் இவள் என்று நினைத்தேன். முன்னால் இருந்த மூன்று குடமும் போய் என் முறை வந்ததும் குடத்தை வைத்தேன். தண்ணீர் நின்றுபோயிருந்தது.

கமாலுதீனை அன்றே சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு இருமல் கேட்டது, நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். அந்த வாரக் கடைசியில் சண்முகவேல் என் வாசலில் சைக்கிளைச் சாய்த்தார், கேரியரில் பொட்டலம், “நீங்ககூட மெஷினு வெச்சிக்கீறிங்களாமே, தையலுக்குப் பரிசெல்லாம் வாங்குனீங்களாமே” என்றார், யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, இசக்கிதான் சொல்லியிருப்பாள், வேறு யார். “ஒண்ணே ஒண்ணு, தண்ணி படக் கூடாது” என்றார். “தெரியும்” என்றேன். இசக்கி இரண்டு மாதம் ரவிக்கை தைத்துப் பார்த்தாள், தெருவில் எத்தனை ரவிக்கை கிழிந்துவிடப் போகிறது, ஆடிக்கு முன்னால் மெஷினை ஜட்கா வண்டியில் ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு அண்ணனோடு போய்விட்டாள், ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் போனாள், என் வீட்டிலும், “வாரேன் யக்கா” என்று, போகிறேன் என்று சொல்லக் கூடாது அல்லவா. ஞானசெல்விக்குப் பெரம்பூர் மாப்பிள்ளையே முடிந்தது, ரயில்வேயில் பிட்டர், மகள் வீட்டு அலமாரியில் ரோஜாப் பவுடர் டப்பா இருக்கிறது, நான் போகும்போதெல்லாம் பூசிக்கொள்ளச் சொல்வாள், மாட்டேன். நான் நாலு வருஷம் பை தைத்தேன், பொருக்கு உதிராமல், மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு. கமாலுதீன் அந்த நாலு வருஷமும் தட்டினார். பிறகு நெஞ்சுப் படம் எடுத்துக் காசம் என்று எழுதிக் கொடுத்தார்கள், தூசி என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை, ஜெரினா அவரை அழைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குத் தம்பி லியாகத் அலி வீட்டோடு போய்ச் சேர்ந்தாள், அங்கே மூத்தவள் மலிகாவுக்கு நிக்காஹ் ஆயிற்று, அதற்கு முந்தின மாதம் அவர் போய்விட்டார். பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் தட்டுமுட்டுச் சாமானைக் கைவண்டியில் ஏற்றின அன்று நான் வாசலில் நின்றேன், ஜெரினா சுவரோரமாக வந்து, “வரேங்க்கா, அய்யாகிட்ட சொல்லிடுங்க, மனு எய்திக் குட்த்தாரு, மறக்க மாட்டேன்” என்றாள், அவருக்குத்தான் நன்றி, எனக்கு இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வண்டி திரும்பினது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சுவர் என் இடுப்பளவு உயரம், இத்தனை வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அன்று வெறும் வீட்டை எட்டிப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது, பங்குனி வெயில், பதினாறு பைகளையும் நான் கொல்லையில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறேன், ஜெரினா சுவருக்கு அந்தப் பக்கம் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, “இன்னாக்கா, ஆனைக்குக் கால்சட்ட தெச்சி வெளுத்துப் போட்டுக்கீறியா?” என்று கேட்டாள், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவளும் சிரித்தாள். கேட்டாளே. அப்படியானால் குழாயடியில் அத்தனை நேரம் அவள் இசக்கியையா கேட்டுக்கொண்டிருந்தாள்? விண்ணப்பம் எழுதின வீடு என்று என் பெயரை விட்டுவிட்டாளா, இல்லை நானாக வாயைத் திறப்பேன் என்று அந்தக் குடத்தை எடுக்காமல், தண்ணீர் வழிய வழிய...